தலையில் கரண்ட் இல்லாத வால்வு

வில்கமுவவில் இருக்கும் அந்த மனிதரை எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும். ஆனால் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும். தினமும் காலை ஆறரை மணிக்கு, பாடசாலைக்குக் கிளம்புவதற்கு முன், நான் ரேடியோவைப் போட்டு அவரைக் கூப்பிடுவேன். அவர் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து தன் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடம் பேசுவோம். மழை, நெல், என் வகுப்புப் பிள்ளைகளின் சோதனை, அவர் மகள் வளர்க்கும் பசு. பிறகு அவர் பசுவை அவிழ்த்துவிடப் போவார். நான் சோற்றுப் பார்சல் கட்டப் போவேன்.

நான் மாத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அமெச்சூர் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தது நாற்பது வயதுக்குப் பிறகு. சொந்தமாக ஒரு செட்டும் ஏரியலும் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ள மற்றவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. என் கணவருக்குக் கடைத்தெருவில் மிளகு, கராம்பு, ஏலக்காய் வியாபாரம். வீட்டின் பின்னறையில் ஒரு பக்கம் அவருடைய மிளகுச் சாக்குகள், மறுபக்கம் என்னுடைய செட். மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே பேசுவேன். "என்ன டீச்சர், சளி பிடிச்சிருக்கா?" என்று வில்கமுவவிலிருந்து விசாரிப்பார்.

அவர் நீர்ப்பாசன வேலைத்தளம் ஒன்றில் ரேடியோ ஒப்பரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சிங்களவர். நாங்கள் பேசுவதும் சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். எனக்கு அவர் மாத்தயா, அதாவது ஐயா; அவருக்கு நான் டீச்சர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடரே நிற்கிறது. ஆனாலும் அந்தக் காலை வேளையில் என் குரல் மேலே ஏறி, வானத்தில் பட்டுத் திரும்பி, மலைக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டில் போய் இறங்கிவிடும். வகுப்பில் ரேடியோ அலைகளைத் திருப்பியனுப்பும் அயன மண்டலம் பற்றிப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு, நான் பார்த்தேயிராத அவர் வீட்டுக் கூரை ஞாபகம் வரும்.

போன வருடம் பெரும்போக அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு மாற்றம் வந்தது. அவர் பேசுவது எனக்கு எப்போதும்போலத் தெளிவாகக் கேட்டது. நான் பேசுவதுதான் அவருக்கு விளங்கவில்லை.

"திருப்பிச் சொல்லுங்க டீச்சர். சத்தம் வருது, சொல்லு விளங்குதில்ல."

திருப்பிச் சொல்வேன். மூன்றாவது முறையும் கேட்பார். ஒரு வாரம் இப்படிப் போனபின் அவரே காரணம் சொன்னார். "யானை வேலிதான் டீச்சர். பக்கத்துல புதுசா கரண்ட் வேலி அடிச்சிருக்காங்க. செக்கனுக்கு ஒருதரம் டிக், டிக்னு ரேடியோவுல விழுது. அதுக்குள்ள உங்க குரல் அமுங்கிப் போகுது."

நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. யானை வேலிக்குக் கரண்ட் விட்டு விட்டுத்தான் வரும். அது ரேடியோவில் கேட்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். டெலிபோனில் பேசலாமே என்றேன். அங்கே சிக்னல் சரியில்லை என்று விட்டுவிட்டார். எப்போதாவது அவர் மகள் என் போனுக்கு ஒரு செய்தி அனுப்புவாள், அவ்வளவுதான்.

வேலியின் சத்தத்தைக் குறைக்க முடியாது. அப்படியென்றால் என் சத்தத்தைக் கூட்ட வேண்டும். என் செட் நூறு வாற்றுக்கு மேல் போகாது. அதை மூன்று, நான்கு மடங்காக்கி ஏரியலுக்கு அனுப்ப ஓர் ஆம்ப்ளிபயர் வேண்டும். அதை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

டிரான்சிஸ்டரில் செய்யலாம், சின்னதாக, அழகாக முடிந்துவிடும். ஆனால் புதிதாகச் செய்கிறவள் பிழை விடாமல் இருக்கமாட்டாள். நம் பிழைக்கு டிரான்சிஸ்டர் ஒரு நொடியில் செத்துப்போகும், புகைகூட வராது. பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்வு அப்படியில்லை. ஏதாவது தவறாகப் போனால் கண்ணாடிக்குள் இருக்கும் தகடு மெல்லச் சிவக்கும். 'இங்கே பார், எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று முகத்தில் காட்டும். நாம் ஓடிப்போய் நிறுத்தும் வரை பொறுத்துக்கொள்ளும். இந்தப் பொறுமைக்காகவே நான் வால்வுப் பக்கம் சாய்ந்தேன்.

எந்த வால்வு என்பதுதான் கேள்வி. அதை நான் தினமும் காலையில் வில்கமுவவோடு கலந்து பேசினேன். கலந்து பேசினேன் என்பது பெரிய வார்த்தை. பாதி அவருக்கு விளங்காது. வால்வுகளுக்குப் பெயரே எண்தான் என்பதால், எண் வரும் இடத்தில் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டு, புள்ளியும் கோடுமாக மோர்ஸ் கீயில் தட்டிக் காட்டுவேன். மோர்ஸில் நான் மிகவும் மந்தம். எண்கள் மட்டும் ஒழுங்காக வரும். எட்டு, ஒன்று, ஒன்று என்று தட்டினால் உடனே பதில் வரும்.

"811ஆ? வெள்ளை வெளிச்சம் தரும் டீச்சர், பல்பு மாதிரி. பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா என்கிட்ட ரெண்டு 807 இருக்கு. எங்க வேலைத்தளத்துல பழைய செட்டைக் கழிச்சப்ப, தூக்கி வீசவேணாம்னு கேட்டு வாங்கினேன். அனுப்பி வைக்கிறேன்."

வேண்டாம் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டார். நான்காம் நாள் மாத்தளை பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் எனக்காகக் காத்திருந்தார். பால்மா டின் ஒன்று. உள்ளே நெல் உமி நிரப்பி, நடுவில் இரண்டு 807 வால்வுகள்.

மேசையில் வைத்து உமியை ஊதிப் பார்த்தேன். ஒன்று நன்றாக இருந்தது. மற்றதன் கண்ணாடியில், வெள்ளிப் பூச்சு போல மினுங்க வேண்டிய இடம் பால் மாதிரி வெளுத்திருந்தது. அப்படி வெளுத்தால் எங்கோ ஒரு மயிரிழை வழியாக உள்ளே காற்றுப் போய்விட்டது என்று அர்த்தம். வால்வு என்பதே உள்ளே காற்று இல்லாத கண்ணாடிக் குப்பிதான். காற்றுப் போன பிறகு அது வெறும் குப்பி.

மறுநாள் காலை அவர் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டும் பத்திரமா வந்துச்சா டீச்சர்?"

"வந்துச்சு மாத்தயா. ரெண்டும் நல்லா இருக்கு."

இந்த வாக்கியம் மட்டும் அவருக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. சந்தோஷப்பட்டார்.

அடுத்த தடை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் கணவருக்கு மின்சாரம் என்றால் பயம். ஆண்கள் சொல்லிக்கொள்ளாத பயம். பல்பு மாற்றுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். காரணம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்துதான் கடையை நடத்தினார்கள். அண்ணன் ஒருநாள் விடியக்காலையில் நாவுலப் பக்கம் மிளகு பார்க்கத் தோட்டத்துக்குப் போனவர், யாரோ காட்டுப் பன்றிக்கு இழுத்து வைத்திருந்த கரண்ட் கம்பியில் கால் வைத்துவிட்டார். பின்னால் நடந்து வந்தவர் இவர். இத்தனை வருடத்தில் என்னிடம் இரண்டு முறைதான் அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும், "கம்பி கண்ணுக்கே தெரியல" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆம்ப்ளிபயருக்கு ஆயிரம் வோல்ற்றாவது வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார்.

"செய்யி. ஆனா ஒவ்வொரு வால்வையும் எனக்குக் காட்டணும். எங்க கை பட்டா ஆள் போகும்னு சொல்லணும். கண்ணுக்குத் தெரியாத இடத்துல கரண்ட் இருந்தா எனக்கு ஒத்து வராது."

அன்று மாலை படங்களை எல்லாம் மேசையில் பரப்பினேன். முதலில் பெரிய கண்ணாடி வால்வு, 3-500. ஒன்று போதும், வேலை முடிந்துவிடும்.

"இதுல எங்க?"

"தலையில. மேல ஒரு மூடி இருக்கு பாருங்க, அதுல. மூவாயிரம் வோல்ற்று."

அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இது 811. நாலு வேணும்."

"எங்க?"

"இதுக்கும் தலையிலதான். ஆயிரத்து ஐந்நூறு."

அதையும் கவிழ்த்தார். பழைய டெலிவிஷன்களில் இருந்த வால்வுகளுக்கும் தலையில். வில்கமுவ மாத்தயா அனுப்பிய 807ஐக் கையிலேயே கொடுத்தேன். உருட்டிப் பார்த்து, உச்சியில் இருந்த சின்ன உலோகக் குமிழைத் தொட்டார். "இதுக்கும் இங்கதானே?" நான் தலையாட்டினேன்.

"ஏன் எல்லாம் உச்சியிலேயே வச்சிருக்கான்? நம்ம கை முதல்ல போறது அங்கதானே?"

அதற்கு விஞ்ஞான விளக்கம் இருக்கிறது. சொல்லவில்லை. மிச்சமிருந்த கடைசிப் படத்தை அவர் பக்கம் தள்ளினேன். ஜி.யூ.50. ரஷ்யாவில் இராணுவத்துக்காகச் செய்த வால்வு. ஜாம் போத்தல் உயரம், தடித்த கண்ணாடி. மேலே உலோகத் தொப்பியும், பிடித்து இழுக்க ஒரு குமிழும்.

"இதுக்கும் மேல தொப்பி இருக்கே?"

"அது சும்மா கைப்பிடிங்க. பிடிச்சுக் கழட்டுறதுக்கு. அதுல கரண்ட் இல்ல. கரண்ட் எல்லாம் அடியில, சொக்கெட்டுக்குள்ள. பெட்டியோட தட்டுக்குக் கீழ மறைஞ்சிரும். நாலு வேணும், ஆனா வோல்ற்று ஆயிரம்தான்."

படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "எவனோ பொண்டாட்டி புள்ள உள்ளவன் செஞ்சிருக்கான்," என்றார். அப்படித்தான் எங்கள் வீட்டில் வால்வு தெரிவானது.

கண்டியில் ரேடியோ லைசென்ஸ் உள்ள பல் டாக்டர் ஒருவரிடம் அந்த வால்வுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை இருவரும் ரயிலில் போனோம். நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் எங்களை உட்காரவைத்துவிட்டு, டாக்டர் பெட்டியை என் மடியில் கொண்டுவந்து வைத்தார். "எட்டைக் கொண்டுபோங்க. அளந்து பார்த்து நாலை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பித் தாங்க."

ஒவ்வொன்றும் பழுப்புக் காகிதத்தில் சுற்றியிருந்தது. எல்லாம் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்தன. என் கணவர் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். ஏலக்காய் வாங்கும்போது அவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார், விரலால் சுற்றினார், காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார். மின்சாரத்துக்குப் பயந்த மனிதர், மின்சாரம் இல்லாத இடத்தில் எவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல்வலியோடு கன்னத்தைப் பிடித்திருந்த ஓர் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டைப் பொறுக்கி எடுத்தபின் ஒன்பதாவதாக ஒன்றைக் காட்டி, "இது சிணுங்குது," என்று ஒதுக்கினார். ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ தூள் அளவுக்கு ஒன்று உருண்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அளந்தோம். நான்கு வால்வும் ஒன்றாகச் சேர்ந்து பாரம் இழுக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இழுத்தால் அதுவே சூடாகி முதலில் போகும். மாடுகளுக்கும் அப்படித்தான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே வோல்ற்றைக் கொடுத்து எது எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் வால்வை மாற்றி மாற்றி மீட்டரைப் படித்தேன்; அவர் கதவடியில் நின்றபடி, கடைப் பையில் எண்ணை எழுதினார். ஆறாவது வால்வில் கண்ணாடியின் உட்புறம் நீலமாக ஒரு பூச்சு மினுங்கியது.

"அணைச்சிரு, அணைச்சிரு! நெருப்பு!"

"நெருப்பில்லங்க. நல்ல வால்வுலதான் கண்ணாடி ஓரத்துல நீலமாத் தெரியும். நடுவுல ஊதா நிறமாப் புகைஞ்சாத்தான் பயம்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவடியை விட்டு உள்ளே வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்த நீலத்தைப் பார்த்தார். ஒரு கையை என் தோளில் வைத்திருந்தார். எனக்குத் தைரியம் சொல்லவா, என்னை இழுத்துக் காப்பாற்றத் தயாராகவா என்று நான் கேட்கவில்லை. எட்டில் ஐந்து ஏறக்குறைய ஒரே அளவு எடுத்தன. நான்கைத் தெரிந்தெடுத்தோம், ஐந்தாவதைப் பத்திரப்படுத்தினோம்.

டிரான்ஸ்போமரைக் கோயிலுக்குப் பின் தெருவில் மோட்டார் சுற்றுகிற ஒருவர் சுற்றித் தந்தார். பெட்டி செய்ய மூன்று மாதம் எடுத்தது. பாடசாலை விட்டு வந்து பின்னேரங்களில் செய்ததுதான். மூடியைத் திறந்த உடனே கரண்ட் தானாக அறுபடும்படி ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார் என் கணவர். வைத்தேன். அது பழுதானால் என்ன செய்வாய் என்றார். இரண்டாவதும் வைத்தேன்.

முதல் நாள் காலை, ஆம்ப்ளிபயரைப் போட்டுப் பேசியதும் பதுளையிலிருந்து ஒருவர் இடையில் வந்து, "டீச்சர், அடுத்த வீட்டுல இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். வில்கமுவவைக் கூப்பிட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு டீச்சர்! நல்ல பலமா வருது!"

"மாத்தயா, மகளோட பசு கன்னு போட்டுருச்சா?"

"ஓம் டீச்சர், ரெண்டு நாளா இங்க மழை."

திரும்பவும் கேட்டேன். நெல்லைப் பற்றிப் பதில் சொன்னார், மிகவும் உற்சாகமாக.

வால்வுகள் என் குரலைச் சிதைக்கின்றன என்றுதான் நினைத்தேன். அடுத்த இரண்டு வாரம் பைத்தியம் மாதிரி இருந்தேன். ஒரு வால்வைக் கழற்றி ஐந்தாவதைப் போட்டேன். வோல்ற்றை மாற்றினேன். பதுளைக்காரர் ஒவ்வொரு தடவையும், "தெளிவா இருக்கு டீச்சர், தொடாதீங்க" என்றார். வில்கமுவ மாத்தயா ஒவ்வொரு தடவையும், "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். ஒருநாள் காலை நான் செட்டை அணைத்துவிட்டு அழுதேன். என் கணவர் மிளகுச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"மிளகு சரியில்லேன்னா தோட்டத்துக்குத்தான் போய்ப் பாக்கணும். கடையில இருந்து சாக்கைக் கிளறி என்ன செய்ய? நேர்ல போவோம்."

பாடசாலை விடுமுறையில் போனோம். நாவுல வரை ஒரு பஸ். அங்கிருந்து வில்கமுவவுக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு, கடைக்காரர் ரோட்டைப் பார்த்துவிட்டு, "வரும்" என்றார். வந்தது. இறங்கிய இடத்தில் அவருடைய மகள் லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரோடு நின்றாள். பின்னால் கட்டியிருந்த பெட்டியில் சாக்கு விரித்து எங்களை ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டினாள். வயல்களுக்கு நடுவே அந்தக் கரண்ட் வேலியைக் கண்டேன். என் கணவரும் கண்டார். கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி மஞ்சள் பலகை தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

வீட்டு வாசலில் மாத்தயா வெள்ளைச் சாரம் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தார். குரலை வைத்து நான் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். என்னைக் கும்பிட்டார். பிறகு என் கணவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

தேநீர் வருவதற்கு முன்பே செட்டைக் காட்டினார். நான் உட்கார்ந்து போட்டேன். அறை அதிர்ந்தது, சத்தம் முழுக்கக் கூட்டி வைத்திருந்தார். அவசரமாகக் குறைத்தேன். யானை வேலி டிக், டிக் என்றது உண்மைதான். ஆனால் அது மழைத்துளி மாதிரி எங்கோ தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே குருநாகல் பக்கம் யாரோ இரண்டு பேர் வாழைக்குலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாத்தயா ரேடியோவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன தெரியும் என்று பயந்தபடி.

அவருக்குப் பின்னால் மகள் வந்து, "அப்பா, தேத்தண்ணி" என்றாள். அவர் திரும்பவில்லை. அவள் முன்னால் வந்து, வாயை அசைத்துக் காட்டி மறுபடி சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. வேலியுமில்லை, வால்வுமில்லை. காது.

அவர் என் எதிரில் உட்கார்ந்தார். நான் மெதுவாக, அவர் பார்க்கும்படி, "எப்போதிலிருந்து மாத்தயா?" என்று கேட்டேன்.

"போன பெரும்போக அறுவடையோட தொடங்கிச்சு டீச்சர். சத்தம் வரும். சொல்லு மட்டும் உடைஞ்சு போயிரும். வேலின்னு சொன்னது ஒரு சாக்கு. காது போச்சுன்னு தெரிஞ்சா, பாவம், சிரமப்படுத்தக் கூடாதுன்னு காலையில நீங்க வராம விட்டுருவீங்க. பிறகு நீங்க ஆம்ப்ளிபயர் செய்யப்போறேன்னு தொடங்கிட்டீங்க. ஒவ்வொரு நாளும் ஒரு வால்வைப் பத்திச் சொல்றீங்க. எப்படி நிப்பாட்டுறது? அதைக் கேக்கத்தான் நான் வெள்ளனயே வயலை விட்டு ஓடி வருவேன்."

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. "மாத்தயா, நீங்க அனுப்பின 807ல ஒண்ணு செத்தது. நல்லா இருக்குன்னு பொய் சொன்னேன்."

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியுமே. அனுப்பும்போதே வெளுத்துத்தான் இருந்துச்சு. முப்பது வருஷம் ஒரே செட்டுல பக்கத்துப் பக்கத்துல இருந்ததுக டீச்சர். ஒண்ணைத் தனியா அனுப்ப மனசு வரல."

என் கணவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் சட்டென்று எழுந்து, வயலைப் பார்ப்பதுபோல வெளியே போனார்.

எனக்கு அப்போது ஒன்று தட்டுப்பட்டது. இத்தனை மாதத்தில் நான் மோர்ஸில் தட்டிய ஒரு எண்ணைக்கூட அவர் தப்பாகப் பிடித்ததில்லை. அவருடைய மேசையில் பழைய பித்தளைக் கீ ஒன்று கிடந்தது. செட்டில் சத்தத்தின் சுருதியைக் குறைத்து, தவில் போலத் தடித்த ஒலியாக வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகத் தட்டினேன். சிங்களத்தை ஆங்கில எழுத்தில். 'பசு கன்று போட்டதா?'

"போன மாசமே போட்டுருச்சு!" என்றார் சத்தமாக. "கிடேரிக் கன்னு!"

மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வயதானால் முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். சொற்களின் ஓரங்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. தடித்த ஒலி கடைசிவரை நிற்கும். இதை நான் பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் படிப்பிக்கிறேன்.

பகலுக்கு அவர்கள் வயல் அரிசிச் சோறும், குளத்து மீனும், வாழைப்பூச் சுண்டலும் சாப்பிட்டோம். என் கணவர் ஒரு பை ஏலக்காய் கொண்டுவந்திருந்தார். மாத்தயா ஒன்றை உடைத்து மோந்து பார்த்து, அவர் முதுகில் தட்டினார். பின்னேர பஸ்ஸுக்கு நாங்கள் கிளம்பியபோது, "நாளைக்கு ஆறரைக்கு" என்று நான் விரலால் அவர் உள்ளங்கையில் தட்டினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் மோர்ஸில்தான் பேசுகிறோம். முதல் மாதம் எனக்கு நரகம். முன்பு பத்து நிமிடத்தில் பேசியதை இப்போது அரை மணி நேரம் தட்டவேண்டியிருந்தது. அவர் எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டார். முன்பு நான் அவருக்காக மூன்று தரம் திருப்பிச் சொன்னேன். இப்போது அவர் எனக்காகத் திருப்பித் தட்டுகிறார். மகள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காதுக்கு மெஷின் போட்டுவிட்டாள். வீட்டில் பேசும்போது அது உதவுகிறது. ரேடியோவுக்கு முன்னால் விசில் அடிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறாராம்.

மோர்ஸுக்கு அவ்வளவு வாற்று வேண்டியதில்லை. அந்த ஆம்ப்ளிபயர் இல்லாமலே அவருக்கு என்னைக் கேட்கும். செய்தது வீணா என்று என் சக ஆசிரியை ஒருத்தி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் போட்டு இந்தோனேசியாவோடும் மாலைதீவோடும் பேசுகிறேன். அதைப் போடுவது இப்போது என் கணவருடைய வேலை. முதலில் வால்வுக்குள் சூடேற்றும் ஹீட்டர், மூன்று நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்து நிற்பார், பிறகு பெரிய சுவிட்ச். விரல் நடுங்காமல் போடுகிறார். நான்கு வால்வின் ஹீட்டரும் ஒழுங்காகச் சிவந்திருக்கிறதா என்று கம்பி வலைக்கு வெளியே குனிந்து பார்த்துவிட்டு, "நாலும் நலம்" என்பார்.

போன கிழமை ஒரு காலை, கன்றுக்குட்டி தன்னுடைய சாரத்தைக் கொடியிலிருந்து இழுத்துத் தின்றுவிட்டது என்று மாத்தயா தட்டினார். எழுத்து எழுத்தாகத் தாளில் எழுதிக்கொண்டே வந்த எனக்கு, 'தின்றுவிட்டது' வரும் வரை என்ன நடந்தது என்றே தெரியாது. தெரிந்ததும் நான் சிரித்த சிரிப்பில் கை கீயில் நிற்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு தட்டல் வந்தது. நான்கு புள்ளி, இரண்டு புள்ளி. மறுபடி நான்கு, இரண்டு.

மிளகுச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "இது என்ன சொல்றாரு? நேத்தும் இதே மாதிரி வந்துச்சு."

"ஒண்ணும் சொல்லலங்க," என்றேன். "சிரிக்கிறாரு."